கீழ்வீட்டுக்குக் கேட்காத இடி

தேக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட நாலு காயைப் புரட்டி, காம்பைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். அங்கிருந்து பொடிநடையாகப் போனால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். ஒயர், மின்தேக்கி, ஸ்பீக்கர் விற்கும் கடைகளின் முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் கால் மணி நேரம் நின்று பாருங்கள். சப்வூஃபர் தேடி வருகிறவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தனை வாட்ஸ்?" கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். வியாபாரம் முடிந்தது.

நானும் அப்படிக் கேட்டவன்தான். ஈசூனில் ஒன்பதாம் மாடியில் ஒரு நாலறை வீவக வீடு எங்களுடையது. பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு சப்வூஃபர் வேண்டும், 300 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது, கையால் செய்ய வேண்டும் என்று இறங்கினேன். சொன்னதும் ஆளாளுக்கு ஆலோசனை. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையை முழுசாக நம்பியிருந்தார்கள், அவ்வளவே. மற்ற பாதிக்காக நான் செலவழித்த ஆறு மாதத்தின் கணக்கு இது.

"வாட்ஸ் கூடினால் பேஸ் கூடும்"

தொண்ணூறுகளின் கேசட் ரேடியோக்கள் ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர், நெற்றியில் பெரிய எழுத்தில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' அந்த பி.எம்.பி.ஓ. கணக்குக்கு ஒரு பொதுவான அளவுமுறையே கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல அளந்து ஒட்டிக்கொண்ட லேபிள் அது. அந்த ரேடியோக்கள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. இன்று பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் கிளாஸ்-டி ஆம்ப் பலகைகளின் மேல் '100 வாட்ஸ்' என்று அச்சாகியிருக்கும். கூடவே ஒரு 24 வோல்ட் அடாப்டரும் தருவார்கள்.

ஒரு பெருக்கல் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த வகைப் பலகை, ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மாறி மாறி இயக்குவதால், தன் மின்னழுத்தம் முழுவதையும் உச்சத்தில் தர முடியும். 24-ஐ 24-ஆல் பெருக்கினால் 576. அதை ஸ்பீக்கரின் ஓம் அளவின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 36 வாட்ஸ், 4 ஓமுக்கு 72. இழப்புகளைக் கழித்தால் அதற்கும் கீழே. லேபிள் என்ன சொன்னாலும் அடாப்டர் தருவதற்கு மேல் ஒரு வாட்டும் வராது. 4 ஓமில் 300 வாட்ஸ் வேண்டுமென்றால் 48, 50 வோல்ட் தருகிற மின்வழங்கி வேண்டும், அதைத் தாங்குகிற சில்லும் வேண்டும். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3255 அந்த ரகம். கையால் செய்கிறவர்களிடம் அது செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சரி, உண்மையிலேயே வாட்ஸ் கூடினால்? இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் ஏறும். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தெரியும். நடுத்தர ஒலிகளில், இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதற்குள் ஸ்பீக்கர் வேறொரு சுவரில் முட்டிக்கொள்கிறது. பேஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போதெல்லாம், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது கோன், நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 20-க்கு இறங்கினால் 16 மடங்கு. 10 அங்குலக் கோன் ஒன்று முன்னும் பின்னும் 10 மில்லிமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளித் தரையில் ஒரு மீட்டர் தள்ளி அது 40 ஹெர்ட்ஸில் சுமார் 103 டெசிபல் தரும். 20 ஹெர்ட்ஸில் 91-தான். ஆயிரம் வாட்ஸ் கொடுத்தாலும் அந்த 91 நகராது, கோன்தான் கிழியும்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "கோன் எத்தனை மில்லிமீட்டர் ஓடும்?" நான் கேட்டேன். கடைக்கார அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்த ஒரு தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வராது"

இதைச் சொன்னது என் மைத்துனர். அவர் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி என்று நினைத்து விருந்தாளிகள் திறக்கப் பார்ப்பார்கள்.

1950-களின் தொடக்கம்வரை அவர் சொல்வதுதான் நடைமுறை. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சூர் அதை மாற்றினார். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கோனுக்கு வில்லாக்கி, ஹென்றி குளோஸுடன் சேர்ந்து 'ஏ.ஆர்.-1' என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. ஆனால் இலவசமாக வரவில்லை. குளோஸ் 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் 'எச்' எழுத்துக்கு உரியவர் ஆன்டன் ஹாஃப்மன். பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன். அவர் பெயரால் வழங்கும் 'இரும்பு விதி' ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச வாட்ஸுக்கு நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுவிட வேண்டும்.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: அடுக்குமாடியில் குடியிருக்கிறவனிடமிருந்து அந்த மூன்றாவதை ஏற்கெனவே பறித்தாகிவிட்டது. நிறையச் சத்தம் வைக்க நமக்கு எங்கே அனுமதி? எப்படியும் பயன்படுத்த முடியாத ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டுச் சின்னப் பெட்டியையும் ஆழத்தையும் எடுத்துக்கொள்வது நமக்கு லாபமான பேரம். தனி வீடும் தோட்டமுமாக இருக்கிற அமெரிக்கர் எழுதிய திட்டங்களைப் பார்த்து ஆள் உயரப் பெட்டி அடிப்பவர்கள், அவருடைய சிக்கலுக்குத் தீர்வு செய்கிறார்கள்.

எந்தக் கோனுக்கு எவ்வளவு பெட்டி என்பதில் ஊகத்துக்கு இடமே இல்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய ஆய்வுரையையும், சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதை விரித்ததையும் சேர்த்து, ஸ்பீக்கருக்கு ஒரு ஜாதகமே கணித்துவிட்டார்கள். அங்கிள் தேடிக் கொடுத்த தாளில் இருந்தது அதுதான்: கோன் தானாக அதிரும் சுருதி, அதன் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும், எத்தனை லிட்டர் காற்றுக்கு அதன் நெகிழ்வு சமம். மூன்று எண்ணையும் வின்ஐ.எஸ்.டி. போன்ற இலவச மென்பொருளில் போட்டால் பெட்டி அளவு வந்துவிடும். இந்த ஜாதகம் இல்லாத ஸ்பீக்கரை நான் வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

என் பெட்டி உள்ளே 35 சென்டிமீட்டர் கனசதுரம். 43 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலுக்கு எட்டு அடிப் பலகையை மரக்கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கினேன், 18 மில்லிமீட்டர் பிளைவுட். மலிவான துகள்பலகை நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரம் உப்பிவிடும். பெட்டியில் விரிசல் விட்டால் காற்று சீறும். உள்ளே குறுக்கே ஒரு கட்டை கொடுத்தேன். மூடிய பெட்டியில் அடிச்சுருதி தானாகச் சரிவதை மின்னணுவில் ஏற்றிக்கொள்ளலாம். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் பெயரில் அதற்கு ஒரு சுற்றே இருக்கிறது. 12 டெசிபல் ஏற்றினால் அந்தச் சுருதியில் 16 மடங்கு வாட்ஸ் போகும், கோனும் அதற்கேற்ப ஓடும். நிதானமான சத்தத்தில் கேட்கிறவனுக்கு அது கட்டுப்படியாகும்.

"பாட்டுக்கு மூடிய பெட்டி, படத்துக்கு ஓட்டை வைத்த பெட்டி"

வேதவாக்கு மாதிரி சொல்கிறார்கள். குழாய் வைத்த பெட்டி, குழாயின் சுருதிக்குப் பக்கத்தில் கூடுதல் சத்தம் தரும் என்பது நிஜம். அந்தச் சுருதிக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் போய், தறிகெட்டு ஓடும் என்பதும் நிஜம். படத்தின் குண்டுவெடிப்புகள் இருப்பது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில். வடிகட்டி இல்லாமல் விட்டால் கோனை ஓட்டும் கம்பிச்சுருள் (காயில்) முட்டி உடையும்.

குழாயிலும் ஒரு பொறி இருக்கிறது. என் 43 லிட்டர் பெட்டியை 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கக் கணக்குப் போட்டேன். ஏழரை சென்டிமீட்டர் அகலக் குழாய்க்கு 29 சென்டிமீட்டர் நீளம் போதும். ஆனால் அவ்வளவு குறுகிய வாயில் காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். அகலத்தைப் பத்தாக்கினால் நீளம் 54 சென்டிமீட்டர். 35 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அது எங்கே நுழையும்? குழாயை மடக்க வேண்டும், இல்லையேல் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும். மறுபடியும் ஹாஃப்மன் வந்து நிற்கிறார்.

பாட்டுக்கும் படத்துக்கும் உண்மையான வேறுபாடு ஆழத்தில்தான். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டையே 27 சொச்சம். இளையராஜா பாட்டில் கிட்டார் நடக்கும் நடையைச் சுத்தமாகக் கேட்க 40 ஹெர்ட்ஸ்வரை ஒழுங்காக இறங்கினால் போதும். படம் 20-க்கும் கீழே போகும். திரையரங்க அளவுகோலில் தாழ்விளைவுத் தடத்தின் உச்சம் 115 டெசிபல். மெக்கன்சி சாலை ரெக்ஸில் முதல் நாள் தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு அந்த அடி வயிற்றில் ஞாபகம் இருக்கும். முன்பு பார்த்த 10 அங்குலக் கோன் 20 ஹெர்ட்ஸில் தரும் 91-க்கும் அதற்கும் 24 டெசிபல் தூரம், அதாவது இருநூற்றைம்பது மடங்கு. அந்த அடிக்குத் திரையரங்குக்குப் போவதே நியாயம்.

"பெரிய கோன் மெதுவாக ஓடும்"

ஓடாது. 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 40 தடவை, எட்டு அங்குலமானாலும் பன்னிரண்டு அங்குலமானாலும். அதே சத்தத்துக்குப் பெரிய கோன் குறைவாகத்தான் நகர வேண்டியிருக்கிறது. 'மெதுவான பேஸ்' என்று நம் காது குறை சொல்வது பெரும்பாலும் ஸ்வரம் நின்றுபோன பிறகும் ரீங்கரிக்கிற அறையை. அதுவே அடுத்த கதை.

"பேஸுக்குத் திசை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் வை"

முதல் பாதி சரி. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. ஆகவேதான் ஒரே பெட்டி போதுமானதாகிறது. இரண்டாம் பாதி காசைக் கரியாக்கும்.

கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர், உங்கள் வரவேற்பறையில் அது எப்படி அடங்கும்? காதில் செருகும் இயர்போனுக்குள் இரண்டு சென்டிமீட்டர் இடத்தில் அடங்குகிறதே! அலை விரிய இடம் இல்லாதபோது அறை முழுவதும் அழுத்தம் ஒன்றாக ஏறி இறங்கும். காதுக்கு அது போதும்.

உண்மையான தொல்லை அறையின் நீளத்துக்குப் பொருந்துகிற சுருதியில். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகிறது. என் வரவேற்பறை நாலு மீட்டர். அதன் இரட்டிப்பால் வகுத்தால் 43.5 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியில் முதல் கட்டையைப் பிடித்தால் வரும் ஸ்வரம் 43.65! காங்கிரீட் சுவர்கள் அந்த ஒரு ஸ்வரத்தை வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பும். மற்ற ஸ்வரங்கள் நடந்து போகும்போது அது மட்டும் யானை மாதிரி மிதித்துக்கொண்டு போகும். சுவரோரம் உட்கார்ந்தால் அது இரட்டிப்பாகக் கேட்கும். அறை நடுவில் நின்றால் காணாமலே போகும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பது சரிதான், அந்த யானையும் சேர்ந்து கொழுக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு, பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் தூக்கி வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்து நீங்கள் சோபாவுக்குத் திரும்பலாம். நான் முட்டிபோட்டுத் தவழ்ந்ததை என் மகள் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். கடைசியில் பெட்டி போய் நின்ற இடம், சுவரின் நடுவில், காலணி அலமாரிக்குப் பக்கத்தில். மனைவிக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

பழையதும் காருக்கானதும்

சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை, பழைய ஜப்பான் ஸ்பீக்கர்களைச் சாக்கில் விரித்து வைத்திருப்பார்கள். "அந்தக் காலத்துச் சரக்கு, இன்றைக்கு வருமா?" என்ற பெருமூச்சு அங்கே இலவசம். கோனைச் சுற்றி நுரை விளிம்பு உள்ளவை நம் ஈரப்பதத்தில் பத்து பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்து, விரல் பட்டால் உதிரும். ரப்பர் விளிம்பு தாங்கும். நுரையானாலும் தூக்கிப்போட வேண்டாம். புது விளிம்பு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அன்று சுங்கை ரோட்டில் விற்றது இன்று கரொசெல்லில் விற்கிறது. விளிம்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

கார் சப்வூஃபர் வீட்டுக்கு ஆகாது என்பதும் அப்படித்தான். ஜாதகம் பொருந்தினால் தாராளமாக ஆகும். ஒரே எச்சரிக்கை, அவற்றில் பலவற்றில் இரட்டைக் காயில் இருக்கும். நாலு ஓம் காயில் இரண்டையும் வரிசையாக இணைத்தால் 8 ஓம். பக்கத்துப் பக்கமாக இணைத்தால் 2. நாலு ஓமுக்குச் செய்த ஆம்ப் பலகை அந்த 2-இல் புகைந்துவிடும். என் முதல் பலகை அப்படிப் போனதுதான்.

"நாமே செய்தால் பாதி விலை"

எட்டு அங்குலச் சின்னப் பெட்டி என்றால் பாதி விலை ஆகாது. தொழிற்சாலை மொத்தமாக வாங்கும் விலைக்கு ஒற்றை ஸ்பீக்கர் நமக்குக் கிடைக்காது. இணையத்தில் வரவழைத்தாலும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. கனமான காந்தத்துக்குக் கப்பல் கூலி வேறு. பயன்படுத்திய நல்ல சப்வூஃபர் ஒன்று அதைவிடக் குறைந்த காசில் அடிக்கடி கண்ணில் படுகிறது. பத்து அங்குலத்துக்கு மேலே, ஆழத்துக்காகச் செய்யும்போதுதான் கைவேலை ஜெயிக்கிறது. எனக்கு 300 வெள்ளி தாண்டவில்லை, புகைந்துபோன பலகையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

"முட்டைத் தட்டு ஒட்டினால் வெளியே கேட்காது"

இது எப்படிப் பரவியதோ! முட்டைத் தட்டும் நுரைப் பட்டையும் கைதட்டலின் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். 43 ஹெர்ட்ஸின் அலை 8 மீட்டர். அதைப் பஞ்சால் உறிஞ்ச, கால் அலைநீளத்துக்கு ஒட்டிய தடிமன் வேண்டும், அதாவது 2 மீட்டர். பாதி அறை போய்விடும். பெட்டிக்கு அடியில் கூர்முனைக் கால் வைத்தால் அதிர்வு தரைக்குப் போகாது என்பதும் தலைகீழ். கூர்முனை பெட்டியைத் தளத்தோடு இன்னும் இறுக்கமாகப் பிணைக்கிறது. மெத்தென்ற ரப்பர் பாதம் நல்லது. ஆனால் அது தடுப்பது தரைவழி போகும் அதிர்வை மட்டும். காற்றுவழி போய்த் தளத்தையே அசைப்பதை அது என்ன செய்யும்?

காதின் குணம் ஒன்று இங்கே முக்கியம். 20 ஹெர்ட்ஸில் சுமார் 78 டெசிபலுக்குக் கீழே நமக்கு எதுவுமே கேட்காது. அந்த வாசலைத் தாண்டியதும் சில டெசிபலிலேயே சத்தம் விறுவிறுவென்று ஏறுவதாகத் தோன்றும். மேல்வீட்டில் நாம் 'சற்றே' கூட்டுகிறோம்; கீழ்வீட்டில் அது இல்லாமையிலிருந்து தொல்லையாக ஒரே தாவலில் மாறுகிறது. 1973-இலிருந்து தைப்பூச ஊர்வலத்து மேளத்துக்கே கட்டுப்பாடு வைத்திருந்து, 2016-இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு விட்ட ஊர் இது. அண்டைவீட்டு இரைச்சலைப் பற்றி ஆராய 2022-இல் அமைத்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டச் சொன்னது. இரவில் ஆம்பின் இரவு முறையைப் போட்டுவிடுகிறேன். குறைத்த சத்தத்திலும் வசனம் தெளியும், இடி அமுங்கும்.

இருந்தாலும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் எட்டாம் மாடிக்கு இறங்கிப் போய், ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் வரவேற்பறையில் பத்து நிமிடம் உட்காரலாமா என்று கேட்டேன். சீனரான அவர் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, பார்லித் தண்ணீர் கொடுத்தார். மேலே மகள் முதலில் சண்டைக் காட்சியைப் போட்டாள். அவர் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாட்டு. கிட்டார் நடக்கிறது, கேட்கவில்லை. அந்த 43 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வந்ததும் அவர் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி லேசாக முனகியது. உட்கார்ந்த இடத்திலேயே காரணம் புரிந்தது. அவர் வீடும் என் வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே நாலு மீட்டர், அதே காங்கிரீட். என் அறை எந்த ஸ்வரத்துக்கு முழங்குகிறதோ அதே ஸ்வரத்துக்கு அவர் அறையும் முழங்கக் காத்திருக்கிறது. அதற்குக் கீழே ஏழாம் மாடியும்கூட.

அன்று மாலை 43 ஹெர்ட்ஸில் மட்டும் 8 டெசிபல் குறைத்து ஒரு வடிகட்டி போட்டேன். என் சோபாவில் பேஸ் இன்னும் சுத்தமானது. யானை போனதும் மற்ற ஸ்வரங்கள் தெரிந்தன. மறுவாரம் மின்தூக்கியில் ஆன்ட்டியைப் பார்த்தபோது, இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். இசையெல்லாம் தனக்கு எப்போதுமே தொல்லை இல்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ நாற்காலியை இழுக்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் பார்க்க முடியுமா?

நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டங்கள், பதினாறு, இரண்டு வெள்ளி.